இல்லையம்மா, கேளுங்கோ

தம்பி,

நீ சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கினால், வாசிக்கும்போதே ‘ஓம் அம்மா’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாய். ஆகையால் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீயும் அபிராவும் கல்கரிக்குப் போகிறீர்கள். கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வேலை வந்துவிட்டது, வீடு பார்த்தாயிற்று, சாமான் ஏற்றுகிறவனுக்கும் சொல்லியாயிற்று. இதையெல்லாம் போனில் கதைக்கலாமே என்று அப்பா கேட்கிறார். கதைக்கலாம்தான். ஆனால் போனில் நான் எந்த இடத்தில் மூச்சு விடுவேன், நீ எந்த இடத்தில் ‘ஓம்’ போடுவாய் என்பது எனக்குப் பாடம். கடிதத்துக்கு நடுவில் நீ ஓம் போட முடியாது. அதனால்தான் மேசையில் இருந்து கையால் எழுதுகிறேன். என் எழுத்து உனக்கு விளங்காவிட்டால் அபிராவிடம் கொடு, அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உன்னைவிட நன்றாகப் படித்தவளாம்.

அபிரா செவ்வாய்க்கிழமை இங்கே வந்தது உனக்குத் தெரியும். கிரைண்டரை எடுத்துப் போகத்தான் வந்தாள். நானும் அவளும் குசினியில் நின்று கல்லைத் தனியாகக் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தோம். அப்போது அவள் சிரித்துக்கொண்டே, “மாமி, உங்கட மகன் ஒரு நாளும் ஒண்டுக்கும் ஓம் சொல்ல மாட்டார். தோசைக்கு எவ்வளவு உழுந்து எண்டதுக்கே அரை மணித்தியாலம் ஆர்கியூ பண்ணுவார்” என்றாள். நான் அவள் யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று ஒரு கணம் யோசித்தேன். “எங்கட தம்பியோ?” என்று கேட்டேன். “ஓம் மாமி, வேற ஆர்? நான் என்ன சொன்னாலும் ‘இல்லை, கேளும்’ எண்டு ஸ்டார்ட் பண்ணுவார். லைக், எவ்ரி டே.” பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள். “இஞ்ச வந்தால் மட்டும் ஏன் மாமி சும்மா இருக்கிறவர்?” அவள் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். நான் துவாயின் நாலு முனையையும் முடிந்து, “கவனமாப் பிடி பிள்ளை, பாரம்” என்று மட்டும் சொன்னேன். நான்கு நாளாக அந்தக் கேள்வி குசினியிலேயே நிற்கிறது.

இல்லை, கேளும். நீ இன்னும் அதைச் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரியாது, தம்பி. எனக்கு நீ சொன்னது ‘இல்லையம்மா, கேளுங்கோ’. எட்டு வயதில், மார்க்கம் றோட் பஸ் தரிப்பில், தொப்பி கண்வரை இறங்கிக் கிடக்க, மூக்கு ஒழுக, ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு விரலை நீட்டிச் சொல்வாய். அந்தக் குளிரில் கையுறை கழற்றாமல் உனக்கு வாதாட வராது. தமிழ் வகுப்புக்குப் போகும் பஸ்ஸும் வரும் பஸ்ஸும்தான் நமக்கு இருந்த நேரம். யாழ்ப்பாணத்தில் நான் மெய்யியல் படித்தது இரண்டு வருடம். அது ஏன் அதோடு நின்றது என்று உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், இன்னொரு தரம் வேண்டாம். மிஞ்சியது நான் குறிப்பெடுத்த ஒரு கொப்பி. இங்கே வந்து கேக் பொதி செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றேன். அந்த மெசின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிடுவதற்கே கத்த வேண்டும். ஒரு விஷயத்தைத் தலையிலிருந்து வால்வரை நின்று கதைக்க எனக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே ஆள் நீதான், எட்டு வயது ஆள். அந்தக் கொப்பியில் இருந்ததை எல்லாம் உனக்குச் சொன்னேன்.

அதில் உனக்குப் பிடித்தது ஏதென்ஸ் கதை. அந்த இரண்டு பேருடைய பெயர்களும் உன் வாயில் நுழையவில்லை, நாம் ‘பெரியவர்’, ‘சின்னவர்’ என்று வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் எனக்கு அவர்கள் பெரியவரும் சின்னவரும்தான். ஊருக்கு வெளியே, ஒலிவ் மரங்களுக்கு நடுவில், பெரியவர் ஒரு பள்ளி வைத்திருந்தார். சின்னவர் வடக்கிலிருந்து பதினேழு வயதில் அங்கே படிக்க வந்தார். வந்தவர் இருபது வருடம் போகவில்லை. நீ உடனே, “இருபது வருஷம் ஃபெயிலா?” என்று கேட்டாய். பஸ்ஸில் முன்சீற்றில் இருந்த ஒரு அங்கிள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஃபெயில் இல்லை, அவர்கள் இரண்டு பேரும் கதைத்து முடியவில்லை என்று சொன்னேன். நாம் காணும் எல்லாவற்றுக்கும் அசல் ஒன்று வேறெங்கோ பிழையில்லாமல் இருக்கிறது, இங்கே உள்ளவை அதன் நகல்கள் என்பது பெரியவரின் எண்ணம். உனக்கு விளங்க வேண்டுமே என்று தோசையை வைத்துச் சொன்னேன். மேலே எங்கோ ஒரு முழுவட்டத் தோசை இருக்கிறது, நம் கல்லில் வருவது அதைப் பார்த்துச் செய்த அரைகுறை. சின்னவர் அப்படியில்லை என்றார். தோசை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் கல்லில் கிடக்கிற தோசையைத்தான் பார்க்க வேண்டும். அவர் மீனையும் முட்டைக்குள் இருக்கிற குஞ்சையும் பிரித்துப் பார்த்து எழுதினவர்.

நான் பெரியவர் பக்கம், நீ சின்னவர் பக்கம். நாம் அதை மூன்று குளிர்காலம் விடாமல் கதைத்தோம். “இல்லையம்மா, கேளுங்கோ. மேல இருக்கிற தோசையை ஆர் சாப்பிடுறது? ஒருத்தரும் சாப்பிடாட்டி அது எப்பிடித் தோசை?” என்று நீ கேட்டாய். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்து நான் கேட்காத கேள்வி அது. வீட்டுக்கு வந்தும் விடமாட்டாய். அப்பா மேசையில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு, “ஏதென்ஸைப் பூட்டியாச்சோ? பசிக்குது” என்பார். எனக்கு அப்போது இருந்த சந்தோசத்தை நான் வேறு எதிலும் காணவில்லை. உன்னைப் பெற்றபோதுகூட இவ்வளவு இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. என் வயிற்றில் இருந்து வந்தவன் என்னை மடக்குகிறான் என்று தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டே தனக்குள் சிரித்த பெண் நான்.

ஒருநாள் குதிரைக்குட்டிக் கதையைச் சொன்னேன். சின்னவர் தன்னை மறுத்து மறுத்துப் பேசுவதைப் பார்த்துப் பெரியவர் ஒருமுறை, பெற்ற தாயைக் குட்டி உதைப்பதுபோல் இவன் என்னை உதைக்கிறான் என்று சொன்னாராம். உண்மையோ, பிறகு யாரோ கட்டிவிட்டதோ தெரியாது, கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது. இறங்கும் இடம் வந்ததும் கேட்டாய், “அவ்வளவு நொந்தால் பெரியவர் ஏன் அவரைத் துரத்தேல்லை?” “நீ வளர்ந்து கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு” என்றேன். அந்தக் கேள்வியை நீ மறந்திருப்பாய். நான் அதன் விடையைக் கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்த விதம்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உனக்குப் பதினேழு வயது. மாமா ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிக் குடிபூரல் வைத்தார். வீட்டில் பெயின்ற் மணம் போகவில்லை, முற்றத்துக்குப் புல்கூட விரிக்கவில்லை, வெளியே சேறு. உள்ளே முப்பது பேர், இரண்டு ஆனந்தம். ஒன்று வீடு, மற்றது மாமாவின் மகள், உன் மச்சாள், ஒரு பொடியனை விரும்புகிறாள், படித்தவன், நல்ல வேலை. மாமி எல்லோருக்கும் அவனுடைய படத்தைப் போனில் காட்டினாள். போன் என் கைக்கு வந்தது. நான் பார்த்துவிட்டுக் கேட்டேன், “வடிவாத்தான் இருக்கிறார். ஆக்கள் எவடம்?” அவ்வளவுதான் கேட்டேன். எவடம் என்றால் எந்த இடம். ஊரின் பெயரைச் சொன்னால் போதும், அதற்குள் குறிச்சி வரும், குறிச்சிக்குள் சாதி வரும். கேட்டவர் வாயால் ஒரு கெட்ட சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆட்கள் உலகம் முழுக்கக் கொண்டு திரிகிற சுத்தமான கேள்வி அது. அறையில் எல்லோருக்கும் அது விளங்கும். இங்கே பிறந்த உனக்கு விளங்காது என்று நினைத்தேன். உனக்கு விளங்க வைத்தவளே நான் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன். சாதி பொய் என்று பஸ்ஸில் உனக்குச் சொன்னவளும் நான்தானே.

“இல்லையம்மா, கேளுங்கோ” என்று நீ தொடங்கினாய். கையில் ஒரு பேப்பர்க் கோப்பையும் வடையும். அதைக் கீழே வைத்துவிட்டு விரலை நீட்டினாய். “தெரிய வேணும் எண்டு கேக்கிறதுதான் கேள்வி, ஒருத்தரை வெட்ட வேணும் எண்டு கேக்கிறது கேள்வி இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப எவடம் எண்டு தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்கள்?” உன் குரலில் மரியாதைக் குறைவு ஒரு துளி இல்லை. நீ பஸ்ஸில் கதைத்த மாதிரித்தான் கதைத்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “வாயை மூடு. பெரியாக்களுக்கு முன்னால எதிர்த்துக் கதைக்கிறியோ? உன்னை உப்பிடியே வளர்த்தனான்? போ வெளியால” என்று கத்தினேன். நீ சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே போய்ச் சேற்றில் நின்றாய். யன்னலால் பார்த்தேன். கூப்பிடவில்லை. நீயும் ஒன்றை யோசி, முப்பது பேருக்கு முன்னால் தாயைத் திருத்தினால் தாய் என்ன உனக்குப் பூவா தூவுவாள்? வீட்டில் வந்து சொல்லியிருக்கலாம் என்று வெகுகாலம் உன் பேரில்தான் பிழை போட்டேன். ஆனால் நான் கேட்டதும் முப்பது பேருக்கு முன்னால்தான். சின்னவர் பெரியவரிடம் வந்த வயது பதினேழு. நான் உன்னைத் துரத்திய வயதும் அதுதான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில், “பசிக்குதோ?” என்று கேட்டேன். “ஓம் அம்மா” என்றாய். அன்று தொடங்கிய ஓம். பன்னிரண்டு வருடமாகிவிட்டது. படிப்பு என்ன, நீங்கள் சொன்னால் ஓம். கோயிலுக்கு வா, ஓம். தலைமயிரை வெட்டு, ஓம். அன்ரிமார் எல்லோரும் என்ன தங்கமான பிள்ளை, வாயைத் திறக்க மாட்டான் என்று என்னிடம் பொறாமைப்பட்டார்கள். நானும் முதல் இரண்டு வருடம் வெற்றி என்றுதான் நினைத்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும். பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று காது சொல்லத் தொடங்கியது. அரசியலைப் பற்றி ஒரு மடத்தனமான கருத்தை வேண்டுமென்றே உனக்கு முன்னால் சொல்லிப் பார்ப்பேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே, “ஓம் அம்மா, இருக்கலாம்” என்பாய். ஐயோ, அந்த ‘இருக்கலாம்’. நீ என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

உன் மச்சாளின் காரியம் அந்த மாதமே நின்றது. அந்தப் பொடியனின் தாய் தகப்பனை ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மாமா என்னிடம், “நீ கேட்டது நல்லதாப் போச்சு” என்று நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் வாங்கினேன். அவள் இன்றைக்கும் கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகிறாள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. கேட்க வேண்டும், சாவதற்கு முன் கேட்பேன். இவ்வளவும் பட்டும் நான் திருந்தினேனா? போன வருடம் நீ போனில், “அம்மா, நான் ஒரு பிள்ளையை விரும்புறன்” என்று சொன்னாய். என் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன் என்று எனக்கே பெருமை. விழுங்கிவிட்டு என்ன கேட்டேன் தெரியுமா, “அவையள் இஞ்ச எவடத்தில இருக்கினம்?” என்று கேட்டேன். இஞ்ச என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் நல்லவள் ஆகிவிடலாம் என்று நினைத்தேன்போல. நீ, “றிச்மண்ட் ஹில், அம்மா. கோயிலுக்குக் கிட்ட” என்றாய், ஃபோர்ம் நிரப்புகிற குரலில். ஏனம்மா கேட்கிறீங்கள் என்று நீ திருப்பிக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக விளங்கியது, நீ என்னை விட்டுவிட்டாய். கோபித்துக்கொண்டு விடவில்லை. இந்த மனுசியோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று மரியாதையாக விட்டுவிட்டாய்.

பெரியவர் ஏன் துரத்தவில்லை என்பதற்கு இப்போது விடை சொல்கிறேன். ஓம் சொல்வதற்குக் கேட்டிருக்கத் தேவையில்லை. போனைப் பார்த்துக்கொண்டும் சொல்லலாம், நித்திரையிலும் சொல்லலாம். இல்லை என்று சொல்வதற்குத்தான் ஒருவர் சொன்னதை முதலிலிருந்து முடிவுவரை கேட்டிருக்க வேண்டும். அந்தப் பள்ளியில் பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட நூறு பேர் இருந்திருப்பார்கள். அவர் சொன்னதை ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்டவர் சின்னவர்தான், அதனால்தான் எந்த இடத்தில் உதைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பெரியவருக்கு நொந்திருக்கும். நொந்தாலும், இவன் போய்விட்டால் என்னைக் கேட்க ஒருவரும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர் கண்ணை மூடும்வரை சின்னவர் போகவில்லை. பிறகு தனியாக எழுதும்போதும், என் அன்புக்குரியவர் சொன்னதை மறுக்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையை விட முடியாது என்ற கருத்தில் எழுதினாராம். அந்த இடத்தைக் கொப்பியில் நான் இருபது வயதில் கீழே கோடிட்டு வைத்திருக்கிறேன். கோடு போடத் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

தோசை விஷயத்திலும் நீதான் வென்றாய், அதையும் எழுதிவிடுகிறேன். ஓம் சொல்லும் ஒரு பிள்ளை எனக்கு மேலே எங்கோ இருந்தான். நம் ஆட்களின் பிள்ளை, பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளை, முழுவட்டப் பிள்ளை. என் கண்ணுக்கு முன்னால் மூக்கு ஒழுக, விரலை நீட்டிக்கொண்டு நின்றவனை அந்தப் பிள்ளையின் அரைகுறை நகல் என்று நினைத்தேன். கடைசியில் கேட்டது கிடைத்தது. பன்னிரண்டு வருடமாக அவன்தான் இந்த வீட்டுக்கு வந்துபோகிறான், சாப்பிடுகிறான், மருந்து வாங்கித் தருகிறான், பனி அள்ளுகிறான். நான் மற்றவனைத் தேடிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது, அவன் சாகவில்லை, அபிராவின் குசினியில் உழுந்துக்குச் சண்டை பிடிக்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. என்னிடமிருந்து போனதை அவள் தினமும் அனுபவிக்கிறாள் என்று ஒரு மாமியாருக்கு வரக்கூடாத பொறாமையும் வந்தது.

புத்தி சொல்லாமல் ஒரு தாய் கடிதத்தை முடித்தாள் என்று இருக்கக் கூடாது, ஆகவே ஒன்று சொல்கிறேன். அபிராவோடு நன்றாக வாதாடு. ஆனால் அவளுக்குப் பதில் வராமல் போகிற நாளில் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதே, ஏன் பேசாமல் விட்டாள் என்று பார். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, கல்கரிக் குளிரில் கையுறையைக் கழற்றிக்கொண்டு உன்னை மடக்கினால், சுற்றிவர எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாதே. நான் எண்ணினேன். அந்த முப்பது பேரில் பாதிப்பேரின் போன் நம்பர்கூட இப்போது என்னிடம் இல்லை.

புறப்படுவதற்கு முதல்நாள், சனிக்கிழமை மத்தியானம், இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். கிரைண்டர் உங்களோடு போகிறது, நான் மிக்சியில் அரைத்துச் சுடுகிறேன், வட்டமாக வராது. அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியும், அவர் தன் பாட்டில் கிரிக்கெட் பார்ப்பார். நான் இதில் எழுதியது எல்லாம் சரியென்று நினைக்கவில்லை. பெரியவரைப் பற்றிச் சொன்னதில் பிழை இருக்கலாம், உன்னைப் பற்றிச் சொன்னதில் கட்டாயம் இருக்கும், நீ என்னை விட்டுவிட்டாய் என்று எழுதினேனே, அது பிழையாக இருந்தால் எனக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். நம் தமிழில் கேள்வி கேட்பதும் கேட்பது, காது கொடுத்துக் கேட்பதும் கேட்பது. நான் முதலாவதை மட்டும் படித்துவிட்டு உனக்குப் பாடம் எடுத்தவள். கதவைத் திறந்ததும் நான் வழமைபோல, “வந்திட்டியோ?” என்றுதான் கேட்பேன், பழக்கம் விடாது. நீ அதற்கு ஓம் சொல்லாதே, ராசா. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வா, சப்பாத்தோடு நின்றாலும் பரவாயில்லை, விரலை நீட்டி, “இல்லையம்மா, கேளுங்கோ” என்று தொடங்கு. கேட்கிறேன்.

அம்மா